இனிப்பு நீரும் நோயாளியின் கணக்கும்: போர்ட் கிள்ளான் தமிழரிடையே நோயறிவு

இனிப்பு நீர் என்று மலேசியத் தமிழர் சொல்லும் நீரிழிவு நோய்க்கான சிகிச்சையில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டில்தான் நடக்கிறது. மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போய், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் மருத்துவர் முன் உட்காருகிறார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த நேரம் ஆண்டுக்கு ஒரு மணியைத் தாண்டுவதில்லை. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் மீதி முழுவதும் அவரே தமக்கு மருத்துவர். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, மாத்திரை தீர்ந்துபோனால் என்ன செய்வது, ஊசியை எந்த இடத்தில் போடுவது, காலில் எழுந்த கொப்புளத்தை இன்றே காட்டுவதா, அடுத்த தேதி வரும்வரை பொறுப்பதா என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்கிறார். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெற்றோர் பட்டதையும், பக்கத்து வீட்டார் சொன்னதையும், தம் உடம்பு காட்டிய குறிகளையும் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. நோயாளிக் கல்வி என்ற துறை இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு அதிலிருந்து தொடங்கியபோது பலன் தந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தொடங்கிய இடங்களில் துண்டுப்பிரசுரங்களே மிஞ்சின.

மலேசியாவில் இந்நோயின் பரவலைச் சுகாதார அமைச்சின் தேசிய நலக் கணக்கெடுப்பு அவ்வப்போது அளந்து வருகிறது. 18 வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவு உள்ளவர் 2006இல் 11.6 விழுக்காடு, 2011இல் 15.2, 2015இல் 17.5, 2019இல் 18.3. 2023இல் இது 15.6 ஆக இறங்கியது. 2019ஆம் ஆண்டின் கணக்கில் இந்தியர்களிடையே விகிதம் 31.4 விழுக்காடு, வளர்ந்த இந்தியர் மூவரில் ஏறக்குறைய ஒருவர். நாட்டின் வேறெந்தப் பெரிய இனத்திலும் இந்த அளவு இல்லை. 2019இல் கண்டறியப்பட்ட 18.3 விழுக்காட்டில் தமக்கு நோய் இருப்பதை முன்பே அறிந்தவர் 9.4, அறியாதவர் 8.9. ஏறத்தாழப் பாதிப் பேர் இரத்தம் எடுத்த அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். அதே கணக்கெடுப்பு நலத் தகவலைப் படித்துப் புரிந்து பயன்படுத்தும் திறனையும் அளந்தது. வளர்ந்தோரில் மூன்றில் ஒருவருக்கு அத்திறன் குறைவு என்று வந்தது.

போர்ட் கிள்ளான் என்னும் கிள்ளான் துறைமுகத்துக்கு நோயோடு பழைய பகை உண்டு. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901இல் திறக்கப்பட்டபோது மலேரியா அதைக் கிட்டத்தட்ட மூடவே வைத்துவிட்டது. அதே ஆண்டில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, வடிகால்களைத் தோண்டிக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். அந்த வெற்றி பொதுச் சுகாதார வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. வடிகால் வெட்டிய பிறகு கொசு குறைந்தது. கரையில் குடியிருந்தவர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நீரிழிவில் அப்படி ஒரு வடிகால் இல்லை. அரசு செய்யக்கூடியவை சில உண்டு. பாட்டில் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 40 சென் வரி என்று 2019 ஜூலையில் கொண்டுவந்த ஏற்பாடு அவற்றுள் ஒன்று. ஆனால் ஒட்டுக்கடையில் கண்முன்னே ஆற்றித் தரும் தே தாரிக் என்ற பால்தேநீர் அந்த வரிக்குள் வருவதில்லை.

இப்பகுதித் தமிழரின் வாழ்க்கை இரண்டு தலைமுறைக்குள் தலைகீழாக மாறியது. இருட்டு விலகும் முன் பெரட்டு என்ற ஆளெடுப்புக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, மதியத்துக்கு மேல் லயத்துக்குத் திரும்பிய உடம்புக்குச் சோறு அதிகம் என்ற பேச்சே எழவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆனபோது, அந்தக் குடும்பங்கள் பண்டமாரான், காப்பார், போர்ட் கிள்ளான் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அடுத்த தலைமுறை லாரி ஓட்டியது, பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்தது, தொழிற்சாலைப் பட்டறையில் நின்றது. தட்டில் விழுந்த சோறு மட்டும் குறையவில்லை. தென்னாசிய உடலமைப்பும் இதற்குத் துணைபோனது. எடை அதிகமில்லாதவர் போலத் தோன்றினாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதும், இன்சுலின் சுரக்கும் திறன் விரைவில் தளர்வதும் இம்மக்களிடம் கூடுதல். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் என்று மலேசிய மருத்துவ வழிகாட்டி வைத்திருப்பது இதனால்தான். மருந்தைப் பற்றிய பழக்கமும் அந்தப் பழைய வாழ்க்கையின் மிச்சம்தான். தோட்டத்தில் டிரெசர் என்ற ஒருவர் இருந்தார். காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் அவர் பொறுப்பு. பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் கேட்டுக்காக, இன்று எந்த வலியும் இல்லாத ஒருவர் நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வைத்தியத்தில் இடம்பெற்றதில்லை. வலித்தால் மருந்து, வலி போனால் மருந்து நிறுத்தம் என்ற பழக்கம் அங்கிருந்தே வந்தது.

நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பதும் மருத்துவமே என்ற கருத்து இன்சுலினைவிட மூத்தது. பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லின் நோயாளிகளுக்கான தம் கைநூலை 1918இல் வெளியிட்டார். டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். ஊசி வந்த பிறகு கற்பித்தல் கட்டாயமாகியது. தப்பாகப் போட்ட ஊசி அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மருத்துவமனையில் ஏழை நோயாளிகளுக்குக் கல்வியோடு, எந்நேரமும் கூப்பிடத்தக்க ஒரு தொலைபேசி எண்ணையும் தந்து பார்த்ததன் முடிவை லியோனா மில்லரும் ஜாக் கோல்ட்ஸ்டைனும் 1972இல் வெளியிட்டார்கள். நீரிழிவு மயக்கத்தோடு வந்து படுக்கையில் சேர்வோர் எண்ணிக்கை சரிந்தது. அந்த எண்ணை இன்றைக்கு எந்தக் கிளினிக் தருகிறது என்று கேட்டால் பதில் சுலபமாக வராது.

நோயாளிக்கு என்ன தெரியும் என்பதை அளந்தவர்களும் உண்டு. தமிழரிடையே நடந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று சென்னையின் கியூர்ஸ் ஆய்வு. நகரவாசிகள் 26,001 பேரைக் கேட்டதன் முடிவுகள் 2005இல் வெளியாயின. நீரிழிவு என்ற ஒரு நோயைப் பற்றிக் கேள்விப்பட்டவர் 75.5 விழுக்காடு. உடற்பருமனும் உடலுழைப்பின்மையும் அதற்குக் காரணம் என்று சொன்னவர் 11.9 விழுக்காடு மட்டுமே. ஏற்கெனவே நோய் உள்ளவர்களிடம் கேட்டபோதுகூட, நீரிழிவு பிற உறுப்புகளைக் கெடுக்கும் என்பதை அறிந்தவர் 40.6 விழுக்காடுதான். நோயை வைத்துக்கொண்டே அதன் போக்கை அறியாதவர் பாதிக்கு மேல். மலேசியாவில் பினாங்கு மருத்துவமனையில் 540 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான 14 கேள்விகளைப் பயன்படுத்தியது. நடுவில் நின்ற மதிப்பெண் 7. அறிவு கூடியவர்களிடம் மருந்தை ஒழுங்காக எடுப்பதும் சர்க்கரைக் கட்டுப்பாடும் கூடியிருந்தன.

இத்தகைய கேள்வித்தாள்களுக்கு ஒரு வரம்பு உண்டு. கொழுப்பு அதிகமுள்ள உணவு எது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை எது என்று கேட்டு மதிப்பெண் போடலாம். கேள்வித்தாளில் இல்லாத கேள்விகளுக்கு நோயாளி வைத்திருக்கும் விடைகளை அது தொடுவதில்லை. போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் நடத்தையை ஆட்டிவைப்பவை பெரும்பாலும் அந்த விடைகள்தான்.

அவற்றில் தலையாயது மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது. படித்தவரும் படிக்காதவரும் ஒரே உறுதியோடு சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். மெட்ஃபார்மின் இந்நோய்க்கு முதலில் தரப்படும் மாத்திரை. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் உடம்பிலிருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். திறன் மிகவும் குறைந்து நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழ் போனால் நிறுத்திவிடுவார். இப்போது வீட்டில் இருப்பவர் கண்ணால் பார்ப்பது என்ன? அப்பா பத்து வருஷம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார். ஒருநாள் கிட்னி போய்விட்டது என்றார்கள். அன்றே அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகு டயாலிசிஸ். இந்த வரிசையைப் பார்த்த எவரும் மாத்திரைதான் காரணம் என்று முடிவு செய்வார். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர் நீரிழிவால் வருபவர் என்பதால், இந்தக் காட்சியை நேரில் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. கட்டுப்படாத சர்க்கரை எந்தச் சத்தமும் இல்லாமல் வடிகட்டிகளை அரித்ததையும், சிறுநீரில் புரதம் கசிந்ததையும், அதை ஆண்டுதோறும் சோதித்திருக்க வேண்டும் என்பதையும் யாரும் விளக்காதபோது, கண்ணுக்குத் தெரிந்த மாத்திரைமேல் பழி விழுகிறது. ‘அப்படியெல்லாம் இல்லை, சாப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நோயாளி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையைப் பாதியாக உடைப்பார். ‘நிறுத்தியது ஏன் தெரியுமா?’ என்று அப்பாவின் கதையிலிருந்தே தொடங்கினால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

இன்சுலின் ஊசியைப் பற்றிய அச்சமும் இதே வகையில் பிறந்தது. ஊசி கடைசிக் கட்டம் என்பார்கள். ஊசி போட்ட பின் கால் எடுத்தவரை, கண் போனவரை எல்லாருக்கும் தெரியும். ஊசியை ஏழெட்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டு, உறுப்புகள் கெட்ட பிறகு தொடங்கினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஊசியின் கணக்கில் எழுதப்படும். இதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. ‘ஒழுங்காக இல்லாவிட்டால் அடுத்த தடவை ஊசிதான்’ என்று தண்டனைபோல மிரட்டிப் பழகிய நாக்கு, பிறகு அதையே மருந்தென்று சொன்னால் யார் நம்புவார்?

கசப்பு இனிப்பை முறிக்கும் என்பது இன்னொன்று. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் காலையில் குடித்தால் இரவு சாப்பிட்ட கேசரிக்குக் கணக்குத் தீர்ந்தது என்ற நினைப்பு. வெந்தயத்தில் உள்ள நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மைதான். மாத்திரைக்கு அது ஈடாகாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், நோயாளி மனம் திறப்பார். நாட்டுமருந்தைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் எதையும் சொல்லமாட்டார்.

தேதி நெருங்கும்போது மட்டும் ஒழுங்காக இருப்பது எங்கும் உள்ள பழக்கம். மூன்று நாள் சோற்றைக் குறைத்து, முதல்நாள் இரவு பட்டினி கிடந்து போனால் வெறும்வயிற்றுச் சர்க்கரை நல்ல எண்ணாக வரும். ஆனால் ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை ஏமாறாது. சிவப்பணு உடம்பில் ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதன்மேல் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கதையைச் சொல்லிவிடும். மலேசிய வழிகாட்டியில் இந்த அளவு 6.3 விழுக்காட்டைத் தொட்டாலே நீரிழிவு என்று வரையறை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் எல்லை 6.5. இரண்டு பரிசோதனைகளும் இரண்டு வெவ்வேறு காலங்களைக் காட்டுகின்றன என்பதை விளக்காமல், ‘பொய் சொல்கிறீர்கள், இது ஏறியிருக்கிறதே’ என்று கேட்பது கல்வியில் சேராது. அது போலீஸ் விசாரணை.

எண்களைப் பற்றிய பேச்சில் மலேசியத் தமிழருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலேசியாவில் இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இங்கே வெறும்வயிற்றில் 7.0 என்பது அங்கே 126. இங்கே 10 என்பது அங்கே 180. பதினெட்டால் பெருக்கினால் ஒன்று மற்றொன்றாகும். நீரிழிவைப் பற்றித் தமிழில் கிடைக்கும் காணொளி, வார இதழ், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றில் மிகப் பெரும்பான்மை தமிழ்நாட்டில் தயாராவது. சாப்பிட்ட பின் 140க்குள் இருந்தால் நல்லது என்று அதில் கேட்டுவிட்டு, தம் கருவி 14 என்று காட்டுவதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? தமக்கு எல்லையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று நிம்மதி அடையலாம். உண்மையில் அந்த 14 அங்கே 252. உள்ளூர்த் தமிழ்க் கையேடு ஒவ்வொன்றிலும் இந்தப் பெருக்கல் ஒரு கட்டத்துக்குள் அச்சாக வேண்டும்.

மொழியின் சிக்கல் இதோடு முடிவதில்லை. அரசு கிளினிக்குகளில் பேச்சு பெரும்பாலும் மலாயில் நடக்கிறது. அமைச்சின் பிரசுரங்கள் தமிழிலும் உண்டு. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த அறுபது வயதுப் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வரும். மருத்துவர் பேசும் மலாய் பாதிதான் புரியும். உடன்வரும் பேரனுக்கு மலாய் சரளம். ‘நரம்பு மரத்துப்போகும்’ என்பதைத் தமிழில் சொல்லத் தெரியாது. ஐந்து நிமிடம் விளக்கியதை அவன் ‘பாட்டி, சீனி சாப்பிடக் கூடாதாம்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவான். பாட்டிக்கு இனிப்பு நீர் வந்த நாளிலிருந்து அவர் சீனியைத் தொட்டதே இல்லை. ஆகவே டாக்டர் சொன்னதில் தமக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்று அவர் எழுந்துவிடுவார். மாவுச்சத்து என்ற முக்கியச் செய்தி பேரனோடு நின்றுபோனது.

சீனியைத் தொடுவதில்லை என்று சொல்பவரின் ஒரு நாளைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். காலைப் பசியாறலுக்கு இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறி, ஒரு தே ‘கூராங் மானிஸ்’. இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் திருப்தி. ஆனால் ஒட்டுக்கடை மொழியில் ‘தே’ என்றாலே இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். அந்தப் பாலில் பாதிக்குக் கிட்டச் சர்க்கரைதான். கரண்டி சற்றுக் குறையும், அவ்வளவே. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலோடு தனியாகச் சீனி. ‘தே ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. பாலும் சீனியும் இல்லாமல் வேண்டுமென்றால் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்க வேண்டும். பால் இல்லாமல் முடியாது என்பவருக்கு ‘தே சி கோசோங்’ இருக்கிறது. இந்த நான்கு சொற்களையும் கடைக்காரர் நன்றாக அறிவார். கிளினிக்கில் மாட்டியிருக்கும் படங்களில் ஆப்பிளும் ப்ரோக்கோலியும் இருக்கின்றன, இந்தச் சொற்கள் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தே குடிக்கும் லாரி ஓட்டுநருக்கு இந்த ஒரு பாடமே மாத்திரையின் அளவைக் குறைக்கப் போதுமானதாக அமையலாம்.

சோற்றின் அளவைப் பற்றி மலேசிய அரசு சொல்லும் ‘சுகு சுகு செபாரோ’ நல்ல வழிமுறை. தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். வட்டத் தட்டுக்கு வரைந்த இந்தப் பாகப்பிரிவினை வாழையிலைக்கு வரும்போது தடுமாறுகிறது. இலையில் சோறு நடுவில் விழுகிறது. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை விழுகிறது. காய்கறியோ மேல் ஓரத்தில் விரற்கடை அளவு. அதில் ஒன்று உருளைக்கிழங்கு. தட்டை மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, சோற்றை ஒரே முறை ஓர் அகப்பை என்று வைத்துக்கொண்டு கூட்டையும் பொரியலையும் இரண்டாம் முறை கேளுங்கள் என்றால் அது செய்யக்கூடியதாக இருக்கும். இதையும் யாரிடம் சொல்வது என்ற கேள்வி உண்டு. நோயாளி ஆணாக இருந்தால் அகப்பை பெரும்பாலும் மனைவி கையில். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே கணவருக்கு உணவுப் பாடம் நடத்துவது வேடிக்கை. நோயாளி பெண்ணாக இருந்தால் நிலைமை வேறு. எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று அவர் உண்பது எந்தக் கணக்கிலும் வராது. கல்யாண வீட்டில் பாயசத்தை வேண்டாம் என்பதும் சம்பந்தி முகம் வாடுவதும் தனிக் கதை.

இன்சுலின் ஊசியில் கற்றுக்கொடுக்க வேண்டியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் ஒவ்வொன்றையும் கையால் செய்துகாட்ட வேண்டும். நோயாளி திருப்பிச் செய்துகாட்ட வேண்டும். கலவை இன்சுலின் வெண்மையாகக் கலங்கி இருப்பது. சற்று நேரம் வைத்தால் வெள்ளைப் படிவு அடியில் தங்கும். பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பத்து முறை உருட்டி, பிறகு பத்து முறை மேலும் கீழும் சாய்த்துக் கலக்காவிட்டால் ஒரு நாள் தண்ணீர் போன்ற பகுதியும் மறுநாள் கெட்டியான பகுதியும் உடம்புக்குள் போகும். சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது என்று நோயாளி தவிப்பார். ஊசியை அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் நுனியில் துளி நிற்கும், அது போடப்படாத மருந்து. ஒரே இடத்தில் வலிக்கவில்லை என்று மாதக்கணக்கில் அங்கேயே குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வளரும். அதில் போடும் இன்சுலின் சரியாக இறங்காது. வயிற்றைத் தடவிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும், ஆனால் தடவிப் பார்க்க ஒருவர் வேண்டும். திறக்காத இன்சுலின் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவை வெளியே வைக்கலாம், ஆனால் 30 டிகிரிக்குள். வெஸ்ட்போர்ட் முனையத்தில் கொள்கலன் இறக்க வரிசையில் நிற்கும் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழ் வைத்த பேனா மதியத்துக்குள் வீணாகிவிடும்.

துறைமுக வேலையில் இருக்கும் நோயாளிக்குத் தாழ்சர்க்கரை பெரிய ஆபத்து. 4க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், பேச்சு குழறும். இன்சுலின் மட்டுமல்ல, கிளிக்லசைடு வகை மாத்திரைகளும் இதைக் கொண்டுவரும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த நீர், உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஷிப்டு மாறும்போது உணவு நேரமும் மாறுகிறது; ஊசி நேரத்தை அதோடு மாற்றுவது எப்படி என்று கேட்டறிந்தவர் குறைவு. ஒரு முறை வண்டி ஓட்டும்போது கண் இருண்டவர் அடுத்த நாள் முதல் ஊசியையே விட்டுவிடுகிறார். அவர் கணக்கில் அது உயிர் காக்கும் முடிவு. விரத நாட்களிலும் இதே அபாயம் உண்டு. ரமலான் நோன்பு நோற்பவருக்கு மருந்தை எப்படி மாற்றியமைப்பது என்று மலேசிய வழிகாட்டியில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, நோன்பு வருமுன் கிளினிக்கில் கேட்கவும் செய்கிறார்கள். தைப்பூசத்துக்கு ஒரு வேளை உணவோடு விரதம் இருப்பவரிடமும், புரட்டாசிச் சனிக்கிழமை பட்டினி கிடப்பவரிடமும் அதுபோல எவரும் கேட்பதில்லை. கேட்காததால் அவரும் சொல்வதில்லை.

கால் பராமரிப்பைக் கடைசியில் வைப்பது பாடத்திட்டங்களின் வழக்கம். முதலில் வைக்கத் தக்கது அது. நரம்பு மரத்த பாதம் சூட்டையும் முள்ளையும் அறியாது. கோயில் பிராகாரத்தின் நடுப்பகல் தரை, பத்துமலைக்குக் காவடியோடு நடக்கும் தார்ச்சாலை, தீமிதி ஆகிய மூன்றும் மரத்த காலுக்குப் பகை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டு, ‘தெரிகிறதா’ என்று கண்ணை மூடச் சொல்லிக் கேட்டாலே போதும். தெரியவில்லை என்று தாமே சொல்லும் அந்தக் கணம் எந்தப் பிரசுரமும் செய்யாத வேலையைச் செய்யும். சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனை, கால் பராமரிப்பைக் கற்பித்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2005இல் முடிவுகளை வெளியிட்டது. சொன்னதைக் கடைப்பிடித்தவர்களிடம் புண் ஆறுவதும் புதுப்புண் வராமல் இருப்பதும் தெளிவாகக் கூடியிருந்தன. தினம் இரவில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்ப்பது, நகத்தை நேராக வெட்டுவது, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, ஆணியைப் பிளேடால் சீவாமல் இருப்பது ஆகியவைதான் பாடம். கோயிலுக்குக் காலையிலேயே, தரை சுடுமுன் போய்வருவது பக்திக்கு இடையூறாகாது.

கல்வி பலன் தருமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில், தரும், ஆனால் மலிவாகத் தராது என்பது. 31 ஆய்வுகளைத் தொகுத்து நாரிஸும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, கற்பித்த உடன் ஹெச்பிஏ1சி 0.76 புள்ளி இறங்குகிறது. சில மாதங்களில் அந்தப் பலன் 0.26ஆகச் சுருங்கிவிடுகிறது. ஒரு முழுப் புள்ளி இறங்க, கற்பிப்பவரும் நோயாளியும் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் சராசரியாக 23.6 மணி. இந்த ஒரு கணக்கை வைத்தே நடைமுறையை எடைபோடலாம். பிரிட்டனில் புதிதாக நோய் கண்ட 824 பேரிடம் நடந்த டெஸ்மண்ட் சோதனை ஆறு மணி நேரக் குழு வகுப்பைப் பயன்படுத்தியது. 2008இல் வந்த முடிவில் சர்க்கரை அளவு மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி இறங்கவில்லை. எடை குறைந்திருந்தது, புகைப்பவர் குறைந்திருந்தனர், நோயைப் பற்றிய புரிதல் தேறியிருந்தது. இதைத் தோல்வி என்று படித்தவர்களும் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு அது நியாயமான கூலி என்றே தோன்றுகிறது. இங்கிலாந்தில் நடைமுறையில் இத்தகைய வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் வந்ததாகப் பதிவானவர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதே உண்மையான நெருடல். வேலை நாளில் பகல் பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருப்பவர் எங்கே வருவார்?

சான்பிரான்சிஸ்கோவில் நடந்து 2003இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. நீரிழிவு நோயாளிகளோடு மருத்துவர்கள் பேசியதைப் பதிவுசெய்து கேட்டார்கள். மருத்துவர்கள் சொன்ன 124 புதிய செய்திகளில், நோயாளி புரிந்துகொண்டாரா என்று திருப்பிக் கேட்டது 15இல் மட்டும். அப்படிக் கேட்கப்பட்டவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. கேட்டதால் பேச்சு நீளவும் இல்லை. ‘புரிந்ததா?’ என்றால் தமிழர் யாராக இருந்தாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார். ‘வீட்டில் அம்மா கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால்தான் விடுபட்டது வெளிப்படும்.

மலேசியாவில் இந்த வேலையைச் செய்யும் ஆட்கள் இல்லாமல் இல்லை. நீரிழிவுக் கல்வியில் தனிப்பயிற்சி பெற்ற தாதியர் பல கிளினிக்குகளில் இருக்கிறார்கள். மருந்தாளர்கள் நடத்தும் நீரிழிவு மருந்துப் பயன்பாட்டுக் கிளினிக்குகள் அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார கிளினிக்குகளிலும் இயங்குகின்றன. அங்கே மாத்திரையை எண்ணி, பேனாவை வாங்கிப் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு தாதிக்கு வரும் நோயாளிகளின் வரிசையைப் பார்த்தால் 23 மணி நேரம் என்பது கனவு. ஆகவே கிளினிக்குக்கு வெளியே உள்ள இடங்கள் கணக்கில் வர வேண்டும்: வெள்ளிக்கிழமை கோயில் மண்டபம், தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டம், துறைமுகத் தொழிற்சங்க அறை, மின்னல் பண்பலை வானொலி. பண்டமாரானில் உள்ள ஒரு கோயில் அன்னதானக் குழு, சோற்றோடு ஒரு காயைக் கூட்டினாலே நூறு குடும்பங்களுக்கு அது செய்முறைப் பாடம்.

நோய் வந்தவரின் அறிவு அவரோடு நிற்பதில்லை. தாய்க்கோ தந்தைக்கோ நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. சென்னையில் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். 2006இல் வெளியான முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு. அதே குழு பின்னர் 537 ஆண்களைக் கொண்டு செய்த சோதனையில், கைப்பேசிக்குத் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பியதற்கே பலன் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. போர்ட் கிள்ளானில் ஊசிப் பேனாவோடு வரும் தாய்க்கு உடன்வரும் முப்பது வயது மகனும் இந்தக் கணக்கில் சேர்ந்தவன். மலேசிய வழிகாட்டி முப்பது வயதிலிருந்து பரிசோதிக்கச் சொல்கிறது. தாயின் விரலில் துளி எடுக்கும் அதே மேசையில் அவன் விரலையும் நீட்டச் சொன்னால் ஒரு நிமிடம்தான் கூடும்.